சபையார் உட்காரலாம்

நவம்பர் 11, திங்கள்

என் பெயர் அருமைநாயகம். இதை எழுதியது நான். வேறு யாரும் இல்லை.

வயது எழுபத்து நான்கு. வள்ளியூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். எழுத்து தெரியாமலே வைத்தேன், எழுத்து தெரியாமலே மாடி கட்டினேன். கடை வாசலில் இருக்கும் பெரிய போர்டில் எழுதியிருப்பது என் பெயர்தான் என்று மற்றவர்கள் சொல்லி நம்பியிருந்தேன். இப்போது நானே பார்த்துவிட்டேன். என் பெயர்தான்.

மருமகள் ஹெலன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்கு வந்தால் எனக்கு டீச்சர். போன பொங்கல் கழிந்து ‘அ’வில் தொடங்கினோம். இன்று இந்த நோட்டை வாங்கி வந்து கையில் தந்தாள்.

“தினமும் எழுதுங்க மாமா. ரெண்டு வரி போதும். பிழை இருந்தா நான் திருத்தித் தாரேன்.”

இரண்டு வரிக்கு மேல் போய்விட்டது. விரல் வலிக்கிறது. நல்ல வலி.

நவம்பர் 12, செவ்வாய்

‘மழை’ என்று எழுதினேன். வெளியே மழை வந்தது. நான் எழுதியதால் வரவில்லை என்று தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன்.

நவம்பர் 14, வியாழன்

வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போக இப்போது அதிக நேரம் ஆகிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருக்கிறதே! ‘இங்கே எச்சில் துப்பாதீர்கள்.’ ‘சூடான பரோட்டா தயார்.’ ‘மூலமா? கவலை வேண்டாம்.’ இந்தக் கடைசிச் சுவர் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரத் தம்பி ஒருவன் வண்டியை நிறுத்தி, “அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போணுமா? நான் கொண்டு விடுதேன்” என்றான்.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் என் நாற்காலி. அதற்கு மேலே சுவரில் தங்க எழுத்தில் வசன போர்டு. அந்த வசனம் எனக்கு மனப்பாடம். இன்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஐயர் சொல்லித் தந்தது போலவே இருக்கிறது. (எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம்.) பெரிய நிம்மதி.

அதற்குக் கீழே நீலத்தில் ஒரு சின்ன போர்டு. அதையும் ஒரு வசனம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் மகன் ஜெயசிங் ஜெபம் செய்வான். வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். நான் அந்த இரண்டு போர்டையும் பார்த்துக் கும்பிட்டபடி இருப்பேன்.

இன்று இரண்டாவதையும் படித்தேன். ஒரு பிழை இல்லாமல், ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன்.

“பணியாளர்கள் பணி நேரத்தில் உட்காருதல் கூடாது. நிர்வாகம்.”

யாராவது பாராட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது ஹெலனிடம் கேட்டேன்: “தாயி, நிர்வாகம்னா யாரு?”

“நீங்கதான் மாமா.”

“நான் எப்பம் சொன்னேன், உக்காரக்கூடாதுன்னு?”

“நீங்க சொல்லல. உங்க மகன் எழுதிப் போட்டது. நீங்க அதுக்குக் கீழ உக்காந்திருந்திய.”

சாம்பார் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை வாங்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஞாயிறு எங்கள் கடை திறக்காது. தீபாவளிக்கு முந்தின நாள் ஞாயிறாக வந்தபோதும் திறக்கவில்லை. ஜெயசிங் அதில் உறுதி. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு; அந்தத் தசமபாகத்தில் ஒரு பைசா குறைக்கமாட்டான். என் மகன் நல்லவன். இதை நான் எழுதி வைக்க விரும்புகிறேன்.

மத்தியானம் வேதத்தை எடுத்து ஐந்து அப்பம், இரண்டு மீன் கதையை நானே வாசித்தேன். பிறந்ததிலிருந்து கேட்கிற கதை. அப்பத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மீனைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். மிச்சம் வந்த கூடைகளைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். காதால் கேட்டால் கதை பஸ் மாதிரி போய்விடுகிறது. நான் வாசித்தால் அது நடந்துதான் போகிறது. ஒவ்வொரு வார்த்தையாக இறங்கி ஏற வேண்டும். அப்படி இறங்கின ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

அப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஆண்டவர் சீஷர்களிடம் ஒரு வேலை சொல்லுகிறார். ஜனங்களை முதலில் உட்கார வைக்கச் சொல்லுகிறார். அங்கே புல் நிறைய இருந்தது என்றுகூட எழுதியிருக்கிறது.

அத்தனை கூட்டம். அத்தனை பசி. சாயங்காலம் வேறு. நானாக இருந்தால் வரிசையில் நிற்கச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 18, திங்கள்

ஜெயசிங் சரக்கு எடுக்க மதுரை போயிருந்தான். நீல போர்டைக் கழற்றினேன். ஒரே ஆணிதான்.

குடோனில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் அடுக்கியிருக்கும். உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கியது. ஆபீசர் வந்தால் வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போகும். சுற்றின கவரைக்கூடப் பிரிக்கவில்லை. கவரோடு சேலைப் பகுதியில் கொண்டுபோய் வைத்தேன்.

சேலைப் பகுதியில் பேச்சியம்மாள்தான் மூத்தவள். கடை ஒற்றை அறையாக இருந்த நாளிலிருந்து எங்களோடு இருக்கிறாள்.

“பேச்சி, உக்காரு.”

“என்ன பெரியண்ணாச்சி, காலங்காத்தால வெளையாட்டு? சின்னண்ணாச்சி பாத்தா எஞ்சோலி முடிஞ்சிரும்.”

“நான் சொல்லுதேன். உக்காரு தாயி.”

சூடான தோசைக்கல்லில் உட்காருகிறவள் மாதிரி ஓரமாக உட்கார்ந்தாள். சேலை கொஞ்சம் ஏறியது. கணுக்காலுக்கு மேலே நரம்பு நீலமாகப் புடைத்துக் கொடி மாதிரி சுற்றியிருந்தது. அவசரமாக மூடிக்கொண்டாள்.

“எத்தனை நாளா இது?”

“அது கெடக்கு, அது பாட்டுக்கு. கிறிஸ்மஸ் யாவாரம் முடியட்டும் அண்ணாச்சி. அதுக்குப் பெறவு வேலைய விட்டுருதேன். பீடி சுத்தப் போறேன். அங்கன்னா உக்காந்து செய்யலாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நவம்பர் 19, செவ்வாய்

ஜெயசிங் வந்துவிட்டான்.

“ஸ்டூலை யாருப்பா வெளிய எடுத்தது?”

“நிர்வாகம்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “வெளையாடாதிய. சீசன் நேரம். கடைக்குள்ள வாறவங்க மொதல்ல சேலையவா பாக்காங்க? ஆளைத்தான் பாக்காங்க. எல்லாரும் உக்காந்திருந்தா, இங்க யாவாரம் இல்லபோலன்னு அடுத்த கடைக்குப் போயிருவாங்க.”

“நான் உக்காந்துதான இருக்கேன். என்னைப் பாத்து எவனும் போகலையே.”

“நீங்க மொதலாளி.”

“ஆண்டவர் புல்லுல உக்கார வச்சாரே, அதுல மொதலாளி எத்தனை பேருல?”

“கோவிலையும் கடையையும் போட்டுக் கொழப்பாதிய அப்பா.”

“அப்பம் காலம்பற கடையில எதுக்குல ஜெபம் பண்ணுத?”

கொஞ்ச நேரம் பில் மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, “சீசன் முடியட்டும். ஜனவரியில பாப்போம்” என்றான். ஸ்டூல்களை அவனே தூக்கிக் குடோனுக்குக் கொண்டுபோனான். போர்டை மறுபடி மாட்டினான்.

ஜனவரியில் பேச்சி இருக்கமாட்டாள்.

நான் எழுந்தேன். என் நாற்காலியைத் தூக்கி, அவன் பின்னாலேயே போய், ஸ்டூல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இது என்னதுப்பா?”

“போர்டுல போட்டிருக்க. நானும் இங்க பணியாளன்தான்.”

நவம்பர் 20, புதன்

நின்றேன்.

நவம்பர் 21, வியாழன்

நின்றேன். கல்லாவில் சாய்ந்துகொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். போர்டில் சாய்வதைப் பற்றி ஒன்றும் இல்லை. பேச்சியிடம் சொன்னேன். “அது எங்களுக்கு எப்பமோ தெரியும் அண்ணாச்சி” என்றாள்.

நவம்பர் 23, சனி

நல்ல கூட்டம். குழந்தைகளுக்குக் கவுன் எடுக்க வந்தவர்கள் நிறைய. பனை ஓலைப் பெட்டி நிறைய அதிரசம் கொண்டுவந்து தந்தார் ஒரு பழைய வாடிக்கையாளர்.

செருப்பு சிறியதாகிவிட்டது. மழையில் சுருங்கியிருக்கும். ஹெலன் என் காலைப் பார்த்துவிட்டு, “செருப்பா மாமா சுருங்கிட்டு?” என்றாள். வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். ஜெயசிங் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊருல என்ன பேசுதாங்க தெரியுமா? அப்பனை நிக்க வச்சு யாவாரம் பண்ணுதான்னு சொல்லுதாங்க.”

“பேச்சி நிக்கதைப் பத்தி யாராவது பேசுனாங்களால?”

கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.

வெந்நீர் சுகமாக இருந்தது. எதிரே சுவரில் நானும் என் மனைவி தங்கமும் கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்த படம். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பக்கத்தில் நிற்கிறாள். நல்ல படம். தங்கம் இப்போது இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, டிசம்பர் எட்டு வேதாகம ஞாயிறு. இந்த வருஷம் வேதபாடம் வாசிக்கப் புதுசா எழுத்துப் படிச்ச ஒருத்தர் இருக்கார்னு கேள்விப்பட்டேன்.”

நான் அவர் கையை விடவில்லை.

“பழைய ஏற்பாடு வாசிக்கியளா, இல்ல நிருபக் கடிதமா?” என்றார்.

“சுவிசேஷம் வாசிக்கேன்” என்றேன். “அஞ்சு அப்பம்.”

“கொஞ்சம் நீளமாச்சே? சுவிசேஷ பாடம்னா சபை எழுந்து நிக்கும், தெரியுமில்லா?”

“தெரியும் ஐயரே” என்றேன்.

சிறு வயதிலிருந்து அந்த நேரத்தில் எழுந்து நின்றவன் நான். தெரியாமல் இருக்குமா?

நவம்பர் 30, சனி

வாரம் முழுக்க எழுத நேரமில்லை. பாடம் வாசித்துப் பழகினேன். கடையில் நின்றேன்.

டிசம்பர் 4, புதன்

ஹெலன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் கைதட்டினாள். “மாமா, எங்கயும் திக்கலையே! நம்ம ஐயரை விட வேகமா வாசிக்கிய.”

ரொம்ப வேகம் என்று எனக்கே தோன்றியது.

டிசம்பர் 7, சனி

வேட்டிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாயிற்று. கண்ணாடியைத் துடைத்து உறையில் வைத்தாயிற்று. இன்று பேச்சி மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து ஏறினாள். நான் கீழே நின்று பார்த்தேன். ஜெயசிங்கும் பார்த்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

கோவில் நிறைந்திருந்தது. ஜெயசிங் சபைச் செயலாளர், அதனால் முதல் வரிசை. ஐயர் என் பெயரைச் சொன்னதும் வாசிப்பு மேடைக்குப் போய் நின்றேன். சபை எழுந்தது. இத்தனை பேர் எனக்கு முன்னால் எழுந்து நின்றதே இல்லை. எனக்காக அல்ல, சுவிசேஷத்துக்காக. அது தெரியும்.

வாசிக்கத் தொடங்கினேன்.

வீட்டில் வந்த வேகம் அங்கே வரவில்லை. கண்ணாடியில் பனி மாதிரி ஏதோ படிந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் போகவேண்டியிருந்தது. கடலைக் கடந்தார். திரளான ஜனங்கள் பின்னால் போனார்கள். மலையில் ஏறினார். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியைத் தேடிப் பிடிக்க விரலை வைத்துக்கொண்டேன். அவசரப்பட்டு வேதத்தில் பிழை விடக்கூடாது அல்லவா?

கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தை அழுதது. மூன்றாவது வரிசையில் எங்கள் பெரிய வாடிக்கையாளரான காண்ட்ராக்டர் வீட்டம்மா, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார்கள். பிறகு மறுபடி இந்தக் காலுக்கு. பின்னால் யாரோ பெஞ்சைப் பிடித்துக்கொண்ட சத்தம். பாடகர் குழுவில் ஒரு தம்பி கடிகாரம் பார்த்தான். ஹெலன் மட்டும் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தேன்.

இத்தனை பேருக்கு அப்பம் எங்கே வாங்குவது என்று ஆண்டவர் கேட்கிறார். பணம் போதாது என்று ஒரு சீஷன் சொல்லுகிறான். ஒரு பையனிடம் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இருக்கின்றன, இத்தனை பேருக்கு அது எம்மாத்திரம் என்கிறான் இன்னொருவன். அந்த இடத்தில் வரி முடிந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன்.

ஐயர் எழுந்து மைக் பக்கம் குனிந்தார். “ஐயா நிதானமா வாசிக்கட்டும். பெரியவங்க நிறைய இருக்காங்க. சபையார் உட்காரலாம்.”

சுவிசேஷ பாடத்தின் நடுவில் எங்கள் கோவிலில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. “அப்பாடா” என்று ஒரு பெருமூச்சு கோவில் முழுக்க எழுந்தது. பெஞ்சுகள் எல்லாம் ஒன்றாகக் கிரீச்சிட்டன. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியது. கண்ணாடியைப் போட்டேன். விரலை அடுத்த வரியில் வைத்தேன்.

அந்த வரியில் ஆண்டவர், ஜனங்களை உட்கார வைக்கச் சொன்னார்.

வாசித்தேன். பிறகு காண்ட்ராக்டர் வீட்டம்மா வாயில் கை வைத்துச் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். ஐயரும் சிரித்தார். நான் நிறுத்தாமல் மேலே வாசித்தேன். அதற்குப் பிறகு எங்கும் தடுக்கவில்லை. பனி விலகிவிட்டது.

முதல் வரிசையில் ஜெயசிங் உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை. குனிந்து தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்கும்போது ஹெலன் என் காதுக்குப் பக்கத்தில், “புதன்கிழமை எவ்வளவு வேகமா வாசிச்சிய!” என்றாள்.

“மேடையில பயம் தாயி” என்றேன்.

டிசம்பர் 9, திங்கள்

பேச்சி வரவில்லை. கால் வீங்கிவிட்டது, டாக்டர் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று போன் வந்தது. இனி வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் தாங்க முடியவில்லை. சேலைப் பகுதிக்கு ஆள் இல்லை. ஜெயசிங் சட்டைக் கையை மடித்துவிட்டு அவனே போய் நின்றான். ஒரு அம்மாவுக்கு மலைபோலச் சேலை எடுத்துப் போட்டான். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “மொதல்ல காட்டினதையே திரும்பக் காட்டுங்க தம்பி” என்றார்கள்.

நான் கல்லாவில் நின்றேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்றும் அவன்தான் சேலைப் பகுதியில். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கீழே வரும்போது, மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நான் கீழே நின்று பார்த்தேன். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே வாசித்துவிட்டேன்.

ராத்திரி ஹெலன் இரண்டு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. எதிரெதிரே காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“ஏம்ப்பா, அம்மாவும் நம்ம பழைய கடையில நின்னுக்கிட்டேதான் இருப்பாவளோ?”

“வெந்நி ஆறுதுல” என்றேன்.

டிசம்பர் 11, புதன்

காலை ஜெபம். கண்ணை மூடி நின்றோம். ஜெயசிங் தொடங்கினான், பிறகு நிறுத்தினான். “ஆமென்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடோன் பக்கம் போனான். கவர் கிழிகிற சத்தம் கேட்டது. ஒன்று, அடுத்தது, அடுத்தது. பட்டாசு மாதிரி இருந்தது எனக்கு.

ஒவ்வொரு பகுதியிலும் அவனே கொண்டுபோய் வைத்தான். “ஆள் இல்லாதப்பம் உக்காருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றான். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் விட்டத்தைப் பார்த்தேன். ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும்.

கடைசியாக என் நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டான்.

“இப்பமாவது உக்காருங்கப்பா.”

“இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்குல்ல.”

அவனுக்குப் புரிந்தது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். “அக்கா, நான் ஜெயசிங் பேசுதேன்…” என்பது வரை கேட்டது.

டிசம்பர் 12, வியாழன்

ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது. அதில் ஒரு அம்மா, “ஆளு வந்து நிக்கது தெரியலையா? மகாராணி மாதிரி உக்காந்திருக்கா” என்று சத்தம் போட்டார்கள். அந்தப் பெண் பதறி எழுந்தாள். ஜெயசிங் ஓடிப் போய் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“நீங்களும் உக்காருங்கக்கா. கல்யாணச் சேலையை நின்னுக்கிட்டா எடுக்கது?”

அந்த அம்மா உட்காரவில்லை. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். ஜெயசிங் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தான். பெரிய வியாபாரம்தான். திரும்பி வந்து, எழுந்து நின்ற பெண்ணிடம், “நீ உக்காரும்மா” என்றான்.

என் மகன் நல்லவன். இதை முன்பே எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

பேச்சி வந்தாள். மெதுவாக நடந்தாள். மகன் பைக்கில் கொண்டுவந்து விட்டுப் போனான்.

நேற்று மத்தியானம் முழுக்க வீட்டில் நீல போர்டின் பின்பக்கத்தில் நான் பெயிண்டால் எழுதினேன். எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு அழகாக எழுதலாம் என்றாள் ஹெலன். “அப்படியே இருக்கட்டும்” என்றான் ஜெயசிங். காலையில் அவன்தான் அதே ஆணியில் மாட்டினான்.

பேச்சிக்கு எழுத்து தெரியாது. போர்டை அண்ணாந்து பார்த்தாள்.

“வசனம் மாத்திட்டியளா அண்ணாச்சி? என்ன எழுதியிருக்கு?”

நான் வாசித்தேன். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

“இங்கே வேலை செய்கிறவர்கள் உட்காரலாம். நிர்வாகம்.”

“நிர்வாகம்னா யாரு அண்ணாச்சி?”

“நான்தான் தாயி. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். ஸ்டூலின் ஓரத்தில் இல்லை, பின்னால் சுவரில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.